மாரிக்கு இரண்டு பேர்ச்

சீதேவிப்பிள்ளையின் காணி ஒவ்வொரு மாரிக்கும் இரண்டு பேர்ச் வளர்ந்தது. அதே ஆண்டுகளில் சீமெந்து விலையும் ஏறியது. அமிர்தகழியில் இரண்டைப் பற்றியும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் பேசிக்கொண்டார்கள்.

கடல் ஊருக்குள் ஏறி வந்த நாளில் மாங்கேணியில் புருசனையும் வீட்டையும் பறிகொடுத்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு அவள் இங்கே வந்தாள். முன்பு குவைத்தில் வீட்டுவேலை செய்து வங்கியில் சேர்த்த காசுக்கு வாவிக்கரையில் பத்து பேர்ச், ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, வாங்கினாள். தண்ணீர் நிற்கும் பள்ளம் என்பதால் பேர்ச் எட்டாயிரத்துக்குக் கிடைத்தது. காத்தான்குடியில் சீமெந்துக் கடை வைத்திருந்த சரீப், காணிக் கணக்கில் கெட்டிக்காரர். அவரிடம் கணக்குக் கேட்டாள். காணிக்கு எண்பதாயிரம், கிறவல் கொட்டி மேடாக்க நாற்பத்தையாயிரம், வேலிக்குப் பத்தாயிரம். கொட்டில் போட இடத்தை வாடகைக்கு விட்டால் மாதம் ஆயிரம். போட்ட காசு திரும்பப் பதினொரு வருசமும் மூன்று மாதமும் ஆகும் என்று சொல்லிவிட்டு, பாவம் என்று நினைத்தார்.

அந்த மாரி முடிந்தபோது வேலிக் கட்டைகள் தள்ளித் தள்ளி நின்றன. நில அளவையாளர் மூன்று தரம் அளந்தார். பன்னிரண்டு பேர்ச். பக்கத்துக் காணிகள் ஒரு சாணும் குறையவில்லை, வாவியும் சுருங்கவில்லை. அவர் பன்னிரண்டு என்றே எழுதி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

வாகரைப் பக்கம் சண்டை மூண்டு சனம் இடம்பெயர்ந்து வந்தபோது, வளர்ந்த பகுதியில் மாங்கேணிக் குடும்பங்கள் நாலுக்குக் கொட்டில் போட இடம் கொடுத்தாள். வாடகை வாங்கவில்லை. அதைச் சரீப் நட்டத்தில் சேர்த்தார்.

"அத நட்டத்தில போடாதீங்க நானா," என்றாள். "அதுகள் என்ட சனம்."

சரீப் அந்தக் கணக்கை அடித்துவிட்டார்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்ததும் கொட்டில் குடும்பங்கள் மாங்கேணிக்குத் திரும்பின. ஹோட்டல் கட்ட இடம் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பேர்ச் ஒன்றரை லட்சம் ஆனது. அவள் காணி அப்போது இருபது பேர்ச். மூத்தவள் கம்சாயினிக்கு மாப்பிள்ளை பேசியிருந்தது; சித்திரைக்குள் கல்வீடு வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். பெண்ணுக்கு வீடு இல்லாமல் அங்கே கலியாணம் இல்லை. கையில் காசும் இல்லை. கொழும்புக் கம்பெனியிலிருந்து வந்தவர் முப்பது லட்சம் தருவதாகச் சொன்னபோது, வித்துவிடும்படி சரீப்பே சொன்னார்.

அவள் வந்தவரிடம் ஒன்றைத்தான் கேட்டாள். "நீங்க சொல்றது இண்டைக்கு இருக்கிற காணிக்கு. இனி வளரப்போற காணிக்கு என்ன விலை?"

அவர் கைபேசியில் நெடுநேரம் கணக்குப் பார்த்தார். கொழும்பில் கேட்டுச் சொல்வதாகப் போனவர் திரும்பி வரவில்லை. இந்தப் பிடிவாதத்தால் பிள்ளையின் கலியாணம் நின்றுபோகும் என்று சரீப் கோபித்தார். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஒரு கிழமை காணியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பிறகு கடைக்குப் போய் அவருக்கே ஒரு கணக்குச் சொன்னாள். வளர்ந்த நிலத்தில் அவர் தன் சீமெந்தில் மூன்று வீடு கட்ட வேண்டும். ஒன்று கம்சாயினிக்கு. மற்ற இரண்டின் வாடகையை ஏழு வருசம் அவரே எடுக்கலாம், அதன்பின் அவையும் சீதேவிப்பிள்ளைக்கு. சரீப் கூட்டிப் பார்த்தார், பெருக்கிப் பார்த்தார். முப்பது வருச வியாபாரத்தில் தனக்கு இப்படியொரு கணக்கு ஓடியதில்லை என்று மனைவி கைறுன்னிஸாவிடம் சொல்லிவிட்டு, மறுநாளே கல் இறக்கினார்.

சித்திரையில் கலியாணமாகிக் கம்சாயினி புதுவீட்டில் குடிபுகுந்தாள். மேசன்மார் முடிக்கும்வரை தாய் வெயிலிலேயே நின்றாள். வழியால் போகிறவர்கள் யாருடைய வீடு என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே நின்றாள் என்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். ஏழு வருசம் கழிய மற்ற இரண்டு வீட்டுப் பூட்டுகளின் திறப்புகளையும் சரீப்பே கொண்டுவந்து கொடுத்தார்.

இளையவள் யசோதினியைப் பெண் கேட்டு ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், வீட்டோடு காணி எத்தனை பேர்ச் வரும் என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

"இப்பவா, மாரிக்குப் பிறகா?" என்றாள் சீதேவிப்பிள்ளை.

அவர்கள் தங்களுக்குள் கொஞ்சம் கதைத்துவிட்டு, கலியாணத்தை மாரி கழிகிற தை மாதத்துக்கு வைத்தார்கள்.