ஒற்றரும் இருண்ட கண்டமும்

அந்தப் பதிப்பகத்தில் அவளுக்கு ஒற்றர் என்று பெயர். உளவு பார்த்ததால் வந்த பெயரன்று. விடுபட்ட ஒற்றெழுத்தை விடாமல் வேட்டையாடியதால் வந்த பெயர். "பள்ளி கூடம்" என்று எவரேனும் எழுதிவிட்டால், நடுவே தொலைந்த அந்த ஒற்றை எழுத்து முதலில் உறுத்துவது அவள் கண்ணைத்தான். பதினொரு ஆண்டுகள் பிழை திருத்தும் மெய்ப்பு மேசையில் அமர்ந்து, பேனா பிடித்த விரலில் காய்ப்பு ஏறியிருந்தது. அவள் கண்ணுக்குத் தப்பிய பிழை உண்டா என்று யாராவது கேட்டால், "தப்பிச்சிருந்தா அது பிழையே இல்ல, விடுங்க" என்பார் அச்சுக்கூடத்து மெஷின்காரர்.

போட்டித் தேர்வு எழுதுவோருக்கான வினாவிடை நூல்களை வெளியிடும் பதிப்பகம் அது. அதன் நூல்களில் நன்றாக ஓடிய குதிரை ஒன்று உண்டு: ஏழு கண்டங்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் விடைகளும். பதிப்பாசிரியர் பத்து ஆண்டுகளாகத் தம் கைப்படத் தொகுத்து வளர்த்த நூல். எட்டுப் பதிப்புகள் விற்றுத் தீர்ந்து, ஒன்பதாவது அச்சேறக் காத்திருந்தது.

அந்த ஒன்பதாவது பதிப்பின்மேல் ஒற்றரின் எதிர்காலமும் ஏறி உட்கார்ந்திருந்தது. துணையாசிரியர் ஓய்வு பெற்றுப்போய் மூன்று மாதமாக அவர் நாற்காலி ஆளின்றிக் கிடந்தது. முதலாளியம்மா அவளை அறைக்கு அழைத்துத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: பிழையில்லாமல், தாமதமில்லாமல் இந்த நூல் வெளியே வந்தால் அந்த நாற்காலி அவளுக்கு. பிறர் எழுதியதைத் திருத்தியே பாதி வயது போனவளுக்கு, தானே கேள்வி கேட்கும் இடம். அவள் அதற்குத் தகுதியானவள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவளுக்கும் இல்லை.

முதலில் அச்சேற வேண்டியது ஆப்பிரிக்கா. மனித இனம் முதன்முதலில் தோன்றிய மண் என்பதால் பதிப்பாசிரியர் அந்தக் கண்டத்தையே நூலின் வாசலில் நிறுத்தியிருந்தார். பதினாறு பக்கம் கொண்ட ஒரு ஃபாரம். மறுநாள் மாலை நான்கு மணிக்கு மெஷின் ஓட வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மெய்ப்பாளர் கையொப்பம் இல்லாவிட்டால் அச்சுக்குப் பிளேட் எடுக்கக் கூடாது என்பது முதலாளியம்மாவின் சட்டம்.

நண்பகலுக்குள் எட்டுப் பக்கம் முடிந்தது. ஆப்ரிக்கா என்றும் ஆபிரிக்கா என்றும் ஆப்பிரிக்கா என்றும் மூன்று கோலத்தில் திரிந்த பெயரை ஒரே கோலத்துக்குக் கொண்டுவந்தாள். நாடுகள் ஐம்பத்து நான்கு, சரி. எகிப்தில் இருப்பதைவிட எண்ணிக்கையில் மிகுந்த பிரமிடுகள் சூடானில் இருக்கின்றன, சரி. அந்தக் கண்டத்தைக் கூறுபோட பெர்லின் நகரில் கூடிய மாநாட்டில் ஆப்பிரிக்கர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை, சரி. "கூறுபோட பெர்லின்" என்பதில் ஒற்று மிகுமா மிகாதா என்று மட்டும் சற்றே நின்று யோசித்து, பிறமொழிப் பெயருக்கு முன் மிகாது என்று நகர்ந்தாள்.

ஒன்பதாம் பக்கத்தில் பேனா நின்றது.

நாற்பத்தாறாம் கேள்வி: பூமத்தியரேகை, கடகரேகை, மகரரேகை ஆகிய மூன்றும் கடந்து செல்லும் ஒரே கண்டம் எது? ஆப்பிரிக்கா.

நாற்பத்தேழாம் கேள்வி: இருண்ட கண்டம் எது? ஆப்பிரிக்கா.

முன்னைய பதிப்புகளில் இந்த இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் குடியிருந்தன. ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததில்லை. இம்முறை எழுத்தின் அளவைக் குறைத்ததில் பக்கங்கள் நகர்ந்து, இரண்டும் மேலும் கீழுமாக வந்து நின்றன. கதிரவன் உச்சியில் நின்று காயும் கோடுகள் மூன்றும் எந்த மண்ணில் ஓடுகின்றனவோ, அந்த மண்ணுக்கு அடுத்த வரியிலேயே இருள் என்று பெயர். ஒரே பக்கத்தில் இரண்டு விடைகள் ஒன்றையொன்று மறுக்கக் கூடாது என்பது மெய்ப்பு மேசையின் பாலபாடம்.

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய மெய்ப்புக் கட்டுகளை எடுத்தாள். எட்டுப் பதிப்பு. எட்டிலும் இருண்ட கண்டக் கேள்விக்கு நேராக அவள் போட்ட சரிக்குறி. எட்டிலும் பக்கத்தின் அடியில் அவள் கையொப்பம். இல்லாத ஒற்றைத் தேடிப் பிடித்த கண்கள், இருந்த பொய்யைத் தொட்டும் பார்க்காமல் எட்டு முறை கடந்து போயிருந்தன.

சிவப்பு மையால் நாற்பத்தேழாம் கேள்வியைக் குறுக்கே அடித்து, பக்கத்தைக் கையொப்பமின்றிப் பதிப்பாசிரியர் மேசைமேல் வைத்தாள்.

பதிப்பாசிரியர் நல்ல மனிதர்தாம். தம் கேள்விகளைப் பெற்ற பிள்ளைகளைப்போல் காப்பவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அடித்த கோட்டை இரண்டு முறை பார்த்தார். எழுத்துப் பிழைக்கு அவள் பொறுப்பு, பொருளுக்குத் தாம் பொறுப்பு என்று நிதானமாக எல்லை வகுத்தார். பிறகு நிதானம் சற்றே நழுவியது.

"ஒற்றர் இத்தனை நாள் இந்த ஆபீசுக்குள்ளதான் உளவு பார்த்துட்டு இருந்தாங்க. இப்ப ஆப்பிரிக்கா வரைக்கும் கிளம்பிட்டாங்களா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் பக்கத்தைத் திரும்ப எடுக்கவில்லை. பிளேட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்த மெஷின்காரர் கதவில் சாய்ந்தபடி, "அக்கா, நாற்காலி கைக்கு எட்டுற நேரத்துல உங்க ஜாதகத்துல ஒரு கண்டம் தெரியுதே. அதுவும் பெரிய கண்டமா இருக்கு" என்றார். கண்டம் என்ற சொல்லுக்கு ஆபத்து என்றும் பொருள் வைத்த மொழியில் அந்தக் கேலி தானாக வந்து விழுந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு முதலாளியம்மா முன்னிலையில் பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று.

வீட்டில் அவளுக்கு ஒரு வாசகி இருந்தாள்: கணவரின் தங்கை. இருமுறை போட்டித் தேர்வு எழுதி, இருமுறையும் ஒற்றை இலக்க மதிப்பெண் வித்தியாசத்தில் வேலையைத் தவறவிட்டவள். இப்போது மூன்றாம் முறை. எட்டாம் பதிப்பு அவள் கையில் அட்டை கிழிந்து, ஓரம் சுருண்டு, பாதி நைந்துபோயிருந்தது. மாலையில் சமையலறையில் அண்ணி வெங்காயம் நறுக்க, நாத்தனார் பாத்திரம் துலக்கியபடியே கேள்விகளை ஒப்பிப்பது வழக்கம். கணவர் பேருந்து ஓட்டிவிட்டு வந்து, முன்னறையில் கால் நீட்டியபடி, தெரிந்த விடைகளுக்கு மட்டும் குரல் கொடுப்பார்.

அன்று அண்ணி நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் வெற்றியின் சாயல் இருந்தது. நாத்தனார் குழாயை மூடினாள்.

"அடிச்சது நியாயந்தான் அண்ணி. ஆனா நீங்க புத்தகத்துலதானே அடிச்சீங்க, பரீட்சையில அடிக்கலையே. நாளைக்கு அந்தக் கேள்வி வந்தா நான் என்னத்த எழுத? புத்தகத்துல இல்லன்னு வெறும் தாள மடிச்சுக் குடுத்துட்டு வரவா?"

அண்ணியின் கத்தி பலகைமேல் நின்றது.

"போன தடவ எனக்குப் போனது நாலு மார்க். அதுல ஒண்ணு இப்படித்தான் போச்சு, புத்தகத்துல இல்லாத கேள்வி. உங்க நியாயத்துக்கு என் மார்க்கையா குடுக்கணும்?"

முன்னறையிலிருந்து கணவர், "ஆப்பிரிக்கா" என்று உரக்க விடை சொன்னார். எந்தக் கேள்விக்கு என்று அவருக்கே தெரியவில்லை. நாத்தனார் சிரித்துவிட்டாள். ஒற்றருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நேரம் அவள் பதிப்பாசிரியரோடு வாதாடிக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் பிரிக்கப்போகிறவளை நினைக்கவே இல்லை. பொய்யை அகற்றினால் போதும் என்று எண்ணியிருந்தாள். அகற்றிய இடத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையில் வழுக்குவது வேலை தேடி அலையும் ஒரு பெண்ணின் கால். கேள்வியும் இருக்க வேண்டும், விடை எழுதுகிறவளுக்கு மதிப்பெண்ணும் கிடைக்க வேண்டும், உண்மையும் உடன் நிற்க வேண்டும்.

கண்ணில் வழிந்த வெங்காய நீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். வழி பிடிபட்டுவிட்டது. அடிப்பதை விட்டுவிட்டுத் திருப்பிப் போட வேண்டும்.

காலையில் எல்லோருக்கும் முன்பாக வந்து, பதிப்பாசிரியர் மேசைமேல் கிடந்த பக்கத்தை எடுத்துத் தன் மேசையில் விரித்தாள். புதிய கேள்வி ஒரு வரி நீளம் கூடுதல். ஒரு வரி மிகுந்தால் பக்கம் பிதுங்கும். ஒரு பக்கம் பிதுங்கினால் பதினாறும் நகரும். மாலை நான்கு மணி மறுவாரத்துக்கு ஓடும். ஆகவே அதே பக்கத்தில் வரியைத் தேடினாள். ஐம்பதாம் விடையில் "என்று அழைக்கப்பட்டு வருகிறது என்பது குறிப்பிடத்தக்கதாகும்" என்று ஒரு வால் தொங்கியது. அது இல்லாமலே விடை நிமிர்ந்து நின்றது. வாலை நறுக்கினாள், ஒரு வரி கிடைத்தது. கிடைத்த இடத்துக்கு ஏற்ப நாற்பத்தேழாம் கேள்வியைப் புதிதாக ஓரத்தில் எழுதினாள்.

பதினொரு மணிக்கு முதலாளியம்மாவின் அறையில் நால்வர் கூடினார்கள். பிளேட் எடுப்பதா வேண்டாமா என்று அறியாமல் நகர மறுத்த மெஷின்காரர் நான்காமவர். பதிப்பாசிரியர் தம் பக்கத்தை அடுக்கடுக்காக வைத்தார். எல்லா வினாத்தாளிலும் வரும் கேள்வி. எல்லா நூலிலும் இருக்கும் பெயர். பத்து ஆண்டுகளில் ஒருவர்கூடப் புகார் எழுதியதில்லை.

"புகார் எழுத வேண்டியவங்க தமிழ் படிக்கலையே, சார்" என்றாள் ஒற்றர்.

முதலாளியம்மா வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முகத்தை மறுபடி முதலாளி முகமாக்கினார். அவளுடைய கையொப்பம் இல்லாமலே பக்கத்தை ஓட்டச் சொன்னால் என்ன செய்வாள் என்று கேட்டார். தாம் போட்ட சட்டத்தைத் தாமே எடுக்க முடியும் என்பதையும், வெளியே ஒரு நாற்காலி காலியாக இருப்பதையும் அவர் சொல்லாமலே அந்தக் கேள்வி சொல்லியது.

"ஓட்டுங்க மேடம். ஓட்டக்கூடாதுன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. எட்டுப் பதிப்புக்கு இந்தக் கேள்விக்குக் கீழ என் கையெழுத்து இருக்கு, அது என் தப்பு. ஒன்பதாவதுக்கு இருக்காது. நாற்காலி வேற யாருக்காவது குடுங்க, நான் என் மேசையிலயே ஒற்று பாத்துட்டு இருக்கேன். ஆனா ஓட்டுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிங்க."

பக்கத்தை நடுவில் வைத்தாள். முதலாளியம்மா வாய்விட்டுப் படித்தார்: "ஆப்பிரிக்காவுக்கு 'இருண்ட கண்டம்' எனப் பெயரிட்டு பரப்பியவர் யார்? அதன் உள்நாட்டை அறியாதிருந்த ஐரோப்பியர்."

அடுத்துப் பேசியவள் ஒற்றர்தான். எந்தக் கண்டத்தை அப்படி அழைத்தார்கள் என்று வினாத்தாள் கேட்டால், இதைப் படித்தவள் ஆப்பிரிக்கா என்று எழுதிவிடுவாள். மதிப்பெண் கைவிட்டுப் போகாது. இருள் யாருடையது என்பதையும் அறிந்துகொண்டே எழுதுவாள். வரி மிகவில்லை, பக்கம் நகரவில்லை. பிறகு பதிப்பாசிரியர் பக்கம் திரும்பினாள்.

"என்னைய மாட்டி வெச்சதே உங்க நாற்பத்தாறாம் கேள்விதான், சார். மூணு ரேகையும் அங்கதான் போகுதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. முதல் மனுஷன் அங்கதான் பொறந்தான்னு முதல் கேள்வியா வெச்சதும் நீங்கதான். நம்ம தாய்வீட்டுக்கு நாமளே இருட்டுன்னு பேர் வைக்கலாமா?"

பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே மாட்டிக்கொண்டார். பக்கத்தைத் தம் அருகே இழுத்து, நாற்பத்தாறைப் படித்தார். அவளுடைய நாற்பத்தேழைப் படித்தார். முதல் கேள்வி இருந்த பக்கத்தையும் எடுத்துவரச் சொல்லிப் படித்தார். மெஷின்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் கூரையைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் பதிப்பாசிரியர் கை நீட்டினார். ஒற்றரின் சிவப்புப் பேனாவைத்தான் கேட்கிறார் என்று விளங்க அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று.

மறுபடி அடிக்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் குனிந்து, அவள் எழுதிய வரியில், "பெயரிட்டு" என்ற சொல்லுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு எழுத்தைச் செருகினார்: ப்.

"பெயரிட்டுப் பரப்பியவர். ஒற்று மிகும்" என்றார். "ஒற்றருக்கே ஒற்று விட்டுப்போச்சு."

பதினொரு ஆண்டுகளில் முதன்முறையாக அவள் பிழை ஒன்று பிடிபட்டது. முகம் சிவந்தது, சிவந்த முகத்தில் சிரிப்பு பொங்கியது. ஒரு வரியைத் திருத்துகிறவர் அதைத் தள்ளமாட்டார் என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த அறையில் எவருமில்லை.

"ஒரு எழுத்து கூடுனா வரி தாங்குமா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"தாங்கும் மேடம். இடம் இருக்கு."

அவள் பக்கத்தின் அடியில் கையொப்பமிட்டாள். பதிப்பாசிரியர், யாரும் கேட்காமலே, அதற்குக் கீழே தம் கையொப்பத்தையும் இட்டார்.

நான்கு மணிக்கு ஓட வேண்டிய மெஷின் நான்கு மணிக்கே ஓடியது. தரை லேசாக அதிர, முதல் தாள்கள் ஈர மையின் வாசத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படிந்தன. முதலாளியம்மா ஒரு தாளை எடுத்து நாற்பத்தேழாம் கேள்வியைப் பார்த்தார். அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். நாற்காலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் படியேறிப் போனார்.

நாற்காலியைப் பற்றிப் பேசியவர் பதிப்பாசிரியர். வட அமெரிக்கா அத்தியாயத்தின் மெய்ப்பைக் கையில் ஏந்தியபடி அவள் மேசைக்கு வந்தார். அதில் முதல் கேள்வி, அந்தக் கண்டத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்பது. அங்கே ஏற்கெனவே குடியிருந்த மக்களைப் பற்றிய கேள்வி பன்னிரண்டாவதாக நின்றது. அவர் அந்த இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இத இங்க உக்காந்து பாக்க வேண்டாம். அந்த நாற்காலிய என் மேசைக்கு எதிர்ல இழுத்துப் போடுங்க. சண்ட போடுறதுன்னா பக்கத்துல இருந்தே போடலாம்."

அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு அச்சுக்கூடத்தைக் கடந்தாள். அதன் கால்கள் சிமெண்டுத் தரையில் கிறீச்சிட்டன. மெஷின்காரர் மெஷின் இரைச்சலுக்கு மேலாகக் குரல் கொடுத்தார்.

"என்னக்கா, கண்டம் தாண்டியாச்சா?"

"ஒண்ணு தாண்டியாச்சு," என்றாள் ஒற்றர். "இன்னும் ஆறு இருக்கு."