நாள் கடந்த சினை

சீமாட்டி என்ற பசு சினைப்பட்ட முந்நூற்றுப் பதினெட்டாவது நாள் மாட்டு டாக்டரம்மா வந்தார். பசுவுக்கு இருநூற்று எண்பது நாள் கணக்கு. பத்து நாள் முன்னே பின்னே ஆகலாம். இது ஒரு மாதத்துக்கும் மேல் தள்ளிப்போயிருந்தது. அக்கா தினமும் கொட்டகைக்குள் நுழைந்ததும் மடியைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பாள். அது சுருங்கியே கிடந்தது. வயிறு மட்டும் பருத்துக்கொண்டே போனது.

புருஷன் விட்டுப்போன பிறகு அக்கா கன்றிலிருந்து வளர்த்த ஒரே பசு அது. அவள் தம்பி வீடு வீடாகப் போய் மாடுகளுக்குக் காளை விந்து செலுத்தும் சினை ஊசி போடுகிறவன். சீமாட்டிக்கும் அவன்தான் போட்டான். இந்த ஒரு மாதமாக, "வந்துடும்க்கா, பொறு" என்பதைத் தவிர அவன் வேறெதுவும் பேசவில்லை.

டாக்டரம்மா தோள்வரை உறை மாட்டிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"உயிரோடதான் இருக்கு. ஆனா ரொம்பப் பெருசு. தானா வெளிய வராது."

"ஏன் இன்னும் வலி எடுக்கலை?" என்றாள் அக்கா.

"வலியைத் தொடங்குறது தாய் இல்லம்மா, கன்னுதான். நாள் முடிஞ்சதும் அதோட மூளைக்கு அடியில ஒரு சின்னச் சுரப்பி வேலை செய்யும். அங்க கிளம்புற ஹார்மோன்தான் தாய்க்குச் சேதி. அப்புறம்தான் சினையைப் பிடிச்சு வைக்கிற ஹார்மோன் இறங்கும், வலி வரும், பால் கட்டும். இந்தக் கன்னுக்கு அந்தச் சுரப்பி வளரலைன்னு நினைக்கிறேன். சொல்லத் தெரியாம அது பாட்டுக்கு வளர்ந்துகிட்டே இருக்கு."

"எதனால இப்படி?"

"நெருங்கின ரத்தத்துல சேர்ந்தா சில சமயம் வரும். எந்தக் காளையோட ஊசி?"

தம்பி காளையின் எண்ணைச் சொன்னான்.

"சீமாட்டிக்குத் தகப்பன்?"

அக்கா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அதே காளைதான்," என்றான். "அன்னைக்கு என்கிட்ட அந்த ஒரு ஊசிதான் மிச்சம். பருவம் தப்பிடும்னு நீயும் அவசரப்படுத்தின..."

"தெரிஞ்சேவா போட்ட?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மதியம் விலாவை மரத்துப்போகச் செய்து கிழித்தார்கள். சீமாட்டி நின்றபடியே இருந்தது. டாக்டரம்மாவும் தம்பியும் பக்கத்துக் கொட்டகைக்காரர் இருவரும் சேர்ந்து இழுத்தும் கன்று எளிதில் வரவில்லை. கடைசியில் வெளியே வந்தது. மயிர் விரற்கடை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. குளம்புகள் நீண்டு வளைந்திருந்தன. வாய்க்குள் வரிசையாகப் பல்.

ஆனாலும் அது மூச்சு விட்டது. அக்கா வைக்கோலால் அதன் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து உலர்த்தினாள். "கண்ணு, எழுந்திரு கண்ணு" என்று கெஞ்சினாள். டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றினார். சீமாட்டியிடம் சீம்பால் ஒரு சொட்டுகூட இல்லை. அடுத்த கொட்டகையிலிருந்து வாங்கிவந்து பாட்டிலில் ஊட்டினார்கள். கன்றுக்குச் சப்பத் தெம்பில்லை. பால் கடைவாயில் வழிந்தது.

"பிழைக்குமா?"

"உள்ள தாயோட ரத்தம் அதைக் காப்பாத்திச்சு. வெளிய தாக்குப்பிடிக்க அதோட உடம்புல ஒண்ணும் சுரக்கலைம்மா."

பொழுது சாய்வதற்குள் அதன் மூச்சு அடங்கிவிட்டது.

நச்சுக்கொடி விழாமல் சீமாட்டிக்குக் காய்ச்சல் கண்டது. தம்பி காலையும் மாலையும் மருந்தோடு வந்தான். அக்கா அவனைத் தடுக்கவுமில்லை, அவனோடு பேசவுமில்லை. ஐந்தாம் நாள் பசு எழுந்திருக்கவில்லை. ஆறாம் நாள் அது செத்ததும் வண்டி வந்து உடலை ஏற்றிக்கொண்டு போனது.

அக்கா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைத் தேய்த்தாள். தம்பி வாசலில் நின்றான்.

"வேற ஒரு கெடேரிக்கன்னு கொண்டாந்து கட்டுறேன்க்கா."

"வேண்டாம்டா."

"தனியா என்ன பண்ணுவ?"

"தெரியல. தினமும் மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருக்க இனிமே என்னால ஆகாது. நீ போ."

அவன் போனான். காலியான கொட்டகையை அவள் இன்னொரு முறை முதலிலிருந்து கழுவத் தொடங்கினாள்.