மீசைக்காரர் சென்ட்

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு புத்தகம், சாமி. திருடினேன்னு சொல்ல முடியாது. கேக்காம எடுத்தேன். திருப்பி வைக்கல.”

“எத்தனை நாளா?”

“ஏழு மாசமா.”

பாவசங்கீர்த்தனக் கூண்டின் வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் பங்குச்சாமியார் பெருமூச்சு விட்டார். பெருமூச்சு விடுவதற்கு முதலில் மூச்சை இழுத்தாக வேண்டும். இழுத்தவர் இருமினார்.

“புத்தகத்தைத் திருப்பி வை. அஞ்சு அருள்நிறை மந்திரம் சொல்லு. அடுத்த தடவை வரும்போது சென்ட்டைக் கொஞ்சம் கொறைச்சுக்கப்பா. ஆள் யாருன்னு தெரியாத மாதிரி உக்காந்திருக்கிறது எனக்குச் சிரமமா இருக்கு.”

போன வாரம்தான் அவர் எங்கள் ஜவ்வரிசி மில்லுக்குப் புது இயந்திரத்தை மந்திரிக்க வந்திருந்தார். கணக்குப்பிள்ளை என்பதால் தீர்த்தச் சொம்பைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே நின்றவன் நான்.

சேலத்தில் ஜவ்வரிசி மில்லில் வேலை பார்ப்பவனை இருட்டிலும் கண்டுபிடித்துவிடலாம். புளித்த கிழங்குமாவின் வாடை தோலுக்குள் போய்க் குடியேறிவிடும். பவுடர் போட்டால் பவுடரும் புளிக்கும். நான் படிக்கும் நாவல்களிலோ, மனிதர்கள் கடிதத்தைக்கூட நறுமணம் ஏற்றி அனுப்பினார்கள். மொழிபெயர்ப்பாளர் அதைப் ‘பரிமள திரவியம்’ என்று எழுதியிருந்தார். அது எப்படி மணக்கும் என்று இரண்டு வருடமாக எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது கைலாசத்தின் ஃபேன்ஸி ஸ்டோரில்.

கடைக்கு வெள்ளை அடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது ஒரு டஜன் பாட்டில்கள் கிடைத்தனவாம். முப்பது வருடத்துச் சரக்கு. மங்கிய லேபிளில் தொப்பி வைத்த மீசைக்காரர் ஒருவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் கேட்டு வந்த வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றும், மணம் மட்டும் போகவில்லை என்றும் சொல்லி, கைலாசம் என் புறங்கையில் ஒரு சொட்டு வைத்தார். முதலில் எலுமிச்சைத் தோல். கடைவீதி முனையைத் தாண்டும்போது புகையிலை. வீடு வந்து சேர்ந்தபோது மழையில் நனைந்த தோல்பை. ஒரே சொட்டில் மூன்று ஆட்கள் இருந்தார்கள், மூவருமே என்னைவிட வசதியானவர்கள். விலை இரண்டு ரூபாய். திரும்பிப் போய் ஒரு பாட்டில் வாங்கினேன். கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு, அதையே புத்தக அடையாளமாக வைத்துப் படித்தேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கு மறுநாள், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கோயில் நூலக அலமாரியின் மேல், அங்கிருந்து எடுத்திருந்த நாவலின் இரண்டாம் பாகத்தை வைத்துவிட்டு வந்தேன். கணக்கு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

தீரவில்லை. நூலகத்தைக் கவனித்துக்கொண்டது ஆசிரியப் பயிற்சி படிக்கும் அந்தோணிமேரி. அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லையாம், மூக்குக்குக் கொண்டுபோனாளாம். என் சிநேகிதன் சவரியார் வந்து சொன்னான்.

“கிறிஸ்துமஸ் பூசைக்கு எல்லா ஆம்பளையும் வந்துதானே ஆகணும், வாசல்ல நின்னு மோந்தே புடிச்சிருவேங்குது, டேய் சின்னப்பா. புடிச்சா கார்டைக் கிழிச்சுப் பேரைக் கதவுல ஒட்டிருமாம்.”

கார்டு போனால் எனக்கு வேறு நூலகம் கிடையாது. புத்தகம் வாங்கிப் படிக்கும் சம்பளமும் கிடையாது. அதைவிட, ஒவ்வொரு ஞாயிறும் கார்டில் தேதி எழுதும்போது அவள் தலை நிமிராமல் “நல்லா இருந்துச்சுங்களா?” என்று கேட்பாள். அந்தக் கேள்வியும் போய்விடும்.

பிரபுக்களும் ஒற்றர்களும் நிறைந்த நாவல்களில் வளர்ந்த மூளை இது. அன்று மாலையே சவரியாரிடம், பழைய சீமைச் சரக்கு, கைலாசம் கடை, இரண்டே ரூபாய் என்று ரகசியமாகச் சொன்னேன். சவரியாரிடம் ஒன்றை ரகசியம் என்று சொன்னால் தண்டோரா செலவு மிச்சம். மூன்றாம் நாள் கடைக்குப் போனால் பதினொரு பாட்டிலும் போயிருந்தன. இன்னும் இருக்கிறதா என்று கேட்டு கோயில் உபதேசியாரே வந்து போனார் என்று கைலாசம் பெருமையாகச் சொன்னார்.

“ஏனுங்க, உங்க கோயில்ல இந்த வருசம் என்னங்க விசேசம்?”

கிறிஸ்துமஸ் காலையில் ஆண்கள் பக்கம் மீசைக்காரர்களின் மாநாடு. ஒரு பாட்டிலை அப்பா, பிள்ளை, மருமகன் என்று பங்கு போட்டிருந்தார்கள். தூபக்கலசம் பீடத்துக்கு வந்தபோது சாமியார் எங்கள் பக்கம் ஒரு முறை பார்த்தார். இன்றைக்கு அது தேவைப்படாது என்று பூசை உதவிக்காரரிடம் சைகை காட்டினார். பிறகு பார்வை என்மேல் வந்து நின்றது. பாவசங்கீர்த்தன ரகசியத்தை எந்தச் சாமியாரும் வெளியே சொல்லக் கூடாது. அவரால் இருமத்தான் முடிந்தது.

நான் மட்டும் சென்ட் போடவில்லை. எல்லாரும் மணக்கும்போது, மணக்காதவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? சீயக்காய் போட்டு மூன்று முறை தேய்த்துக் குளித்திருந்தேன். ஆனாலும் மீசைக்காரரை அடியோடு விட்டு வர மனம் வரவில்லை. கால்சட்டைப் பைக்குள், எட்டாக மடித்த கைக்குட்டையில், ஒரே ஒரு சொட்டு.

பூசை முடிந்து எல்லாரும் குடிலைச் சுற்றி நின்றபோது அந்தோணிமேரி, அணைந்த மெழுகுவர்த்திகளை எடுத்துக்கொண்டு, ஆண்கள் வரிசை நெடுக ஒவ்வொருவரிடமும் நின்று நின்று வந்தாள். இடது கக்கத்தில் அந்த இரண்டாம் பாகம். உபதேசியாரிடம் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

“இருபத்திமூணு பேருங்க. அத்தனை பேரும் ஒரே மணம்.”

அப்படியா என்று கேட்டேன்.

“நீங்க மட்டும் மணக்கலை.”

மில்லில் வேலை பார்ப்பவனுக்குச் சென்ட் எதற்கு என்றேன்.

“கிழங்கு வாடையும் காணோமுங்களே.”

என்னைத் தாண்டிக் குடிலில் கிடந்த வைக்கோலைப் பார்த்தபடி, சாவகாசமாகச் சொன்னாள்.

“அந்த ஆளு மத்த பக்கமெல்லாம் வேகமாத்தான் படிச்சிருக்காரு, மணம் லேசாத்தான் இருக்கு. ஆனா இருநூத்திப் பதினொண்ணாம் பக்கத்துல மட்டும் அவ்வளவு மணம். கடுதாசியைக் கையில வெச்சுக்கிட்டு, அந்தப் பொண்ணுகிட்டக் குடுக்காமயே நிக்கிறானே, அந்தப் பக்கம். அங்க எத்தனை நாள் நின்னாரோ.”

ஒன்பது நாள். கை தானாகக் கால்சட்டைப் பையை மூடிக்கொண்டது.

சவரியார் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினான். அந்தோணிமேரி மெழுகுவர்த்திகளைக் குடிலின் ஓரத்தில் வைத்தாள். வலது கையின் ஐந்து விரல்களையும் விரித்து என் முன்னால் நீட்டினாள். நுனியில் மெழுகு வெள்ளையாக உறைந்திருந்தது.

“தொடைச்சுக்கணும். உங்க கைக்குட்டையைக் கொஞ்சம் குடுங்க.”