முன்னோட்டத்தில் நின்றுபோன வரி

அச்சுக்குப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. பத்தி எப்படி விழுகிறது என்று பார்க்க, மனசில் ஓடுவதை எதையாவது தட்டி இடத்தை நிரப்புவார்கள். முன்னோட்டத்தில் பார்த்துவிட்டு அழித்துவிடுவார்கள். தங்கைக்காரியும் அதைத்தான் செய்தாள், பாவி மகள்!

திரையின் இடது பாதியில் கட்டளைகளோடு எழுத்து. வலது பாதியில் முன்னோட்டம், அதாவது அச்சில் வரப்போகிற பக்கம். கட்டிக்கொண்டிருந்தது அக்கா புருஷனின் கம்பெனி ஆண்டு மலர். அவனிடம் அடி வாங்கி, தப்பி வந்த அக்கா ஒளிந்திருந்ததோ தங்கையின் வீட்டில். வேலையைத் தட்டிக்கழித்தால் சந்தேகப்படுவான் என்றுதான் ஒப்புக்கொண்டாள். அவ்வப்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று முன்னோட்டத்தின் லிங்கையும் காலையில் அவனுக்கு அனுப்பியிருந்தாள்.

படத்துக்குக் கீழே இடம் காலியாக இருந்தது. கை தன்பாட்டுக்குத் தட்டியது: ‘அக்கா என் வீட்டுப் பின்னறையில் தூங்குகிறாள், இன்றாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.’ பக்கம் அழகாக நிறைந்தது. அப்போதுதான் மூலையைக் கவனித்தாள்: ‘ஒருவர் பார்க்கிறார்.’

பதறி அழித்ததில் வரியோடு ஓர் அடைப்புக்குறியும் சேர்ந்து போயிற்று. கட்டளையில் பிழை இருந்தால் முன்னோட்டம் நகராது; கடைசியாகச் சரியாக வந்த பக்கத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். இடது பக்கம் வரி இல்லை. வலது பக்கம் அது சட்டமாக உட்கார்ந்திருந்தது.

போன் அடித்தது. அவன் நம்பர்! எடுக்காவிட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். எடுத்தாள்.

“நான்தாம்மா,” என்று கிசுகிசுத்தாள் அக்காவின் மாமியார். “படத்தப் பாருன்னு போனை என்கிட்ட குடுத்துட்டு குளிக்கப் போயிருக்கான். என்ன கண்றாவி இது? எடுத்துத் தொலைம்மா!”

“எடுத்துட்டேன் அத்தை, போகமாட்டேங்குது.”

“இங்க அப்படியேதான் இருக்கு. ஐயோ, தண்ணிச் சத்தம் நின்னுடுச்சு!”

அடைப்புக்குறி எங்கே இருந்தது? ஓரிடத்தில் போட்டாள், பிழையைக் காட்டும் சிவப்புக் கோடு மறையவில்லை. அழித்தாள். அடுத்த வரியில் போட்டுப் பார்த்தாள்.

“அவ நல்லாருக்காளா?” மாமியார் குரலை இன்னும் தாழ்த்தினாள். “திரும்பி வரவே வேணாம்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. அவன் அப்பன்கிட்ட நான் பட்டதே போதும்.”

பக்கம் ஒருமுறை மினுங்கிப் புதிதாக வந்தது. வரி போய்விட்டது.

“யார்கிட்ட பேசுற?” போனுக்குள் அவன் குரல்.

“உன் கொழுந்தியாகிட்டதாண்டா. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. ஒரு வரிகூட என்னால படிக்க முடியலன்னு திட்டிக்கிட்டு இருக்கேன்.”

“பெருசாக்கிடறேன் அத்தை,” என்றாள் தங்கை. அந்த வீட்டில் அந்தம்மாவை அவனோடு விட்டுவிட்டுத்தான் அவள் போனை வைக்க வேண்டியிருந்தது.