சாந்தம்மாளுக்கு வாங்கிய ஃப்ளாஷ்

சாந்தன்பாறை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில், நோயில் படுத்தவர் இனித் தேறமாட்டார் என்று ஆன பிறகுதான் போட்டோ எடுப்பார்கள். கேமரா வாசலுக்கு வந்தாலே பக்கத்து வீட்டில் அழுகை தொடங்கிவிடும். இந்தப் பாழாய்ப்போன வழக்கத்தில்தான் சோலை வசமாக மாட்டிக்கொண்டான்.

அவன் மனைவி சாந்தம்மாளுக்குத் தேனியில் வயிற்றுக் கட்டி ஆபரேஷன். இன்னும் பத்து நாள் இருந்தது. பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் அவனிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவளிடம் சின்னக் கட்டி என்று சொல்லி வைத்திருந்தான். மகளுக்கு ஒன்றரை வயது, தாய் முகம் நினைவில் நிற்கிற வயதா அது? ஒரு படமாவது வேண்டும். ஆனால் கேமராவைக் கண்டால் சாந்தம்மாளுக்குத் தெரிந்துவிடும், பாதி உயிர் அங்கேயே போய்விடும்.

வேலையை விட்டுப் போன சூப்பர்வைசர் கொடுத்த கேமராவில் லென்ஸ் இல்லை. போடிநாயக்கனூர் கடைக்காரர் சுவக்கீன் இரண்டு வகை எடுத்து வைத்தார்.

"மொதமொதல்ல மொகம் எடுக்க இந்தக் குட்ட லென்ஸும் ஃப்ளாஷும் போதும்ணே. எதுக்க உக்கார வச்சு எடுத்தா பளிச்சுன்னு விழும். நீட்டு லென்ஸுன்னா தூரத்துல நின்னு எடுக்கலாம். ஆனா வெளிச்சம் வேணும், கை ஆடக்கூடாது."

"எடுக்குறது தெரியாம எடுக்கணும்," என்று சோலை நீட்டு லென்ஸையே வாங்கினான்.

மறுநாள் ஏலச்செடிகளுக்குள் ஒளிந்து நின்று, துணி காயப்போட்ட சாந்தம்மாளை எடுத்தான். மலைப்பனி மஞ்சாக இறங்கியிருந்தது, கேமராவும் ஆடிவிட்டது. கழுவி வந்த படத்தில் புகைக்குள் ஒரு சேலை தெரிந்தது. முகத்தைக் காணோம். இப்போதே போய்விட்டாளோ என்று படத்தைக் கடை மேசையில் கவிழ்த்து வைத்தான். சுவக்கீன் குட்ட லென்ஸை மாற்றிப் போட்டு ஃப்ளாஷையும் கொடுத்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை சாந்தம்மாள் அவன் பையைத் திறந்து கேமராவை எடுத்துவிட்டாள்.

"அன்னைக்கிச் செடிக்குள்ள நின்னப்பவே பாத்தேன்," என்றாள். "டாக்டரு என்ன சொன்னாரு?"

சோலை பையை வாங்கி மூடப் பார்த்தான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. மகளை இழுத்துத் தலையைத் தடவினாள்.

"பயமாத்தேன் இருக்கு. என்னைய மட்டும் எடுத்தீகன்னா இப்பவே ஒப்பாரி வச்சிருவாக. லைன்ல எல்லாரையும் எடுங்க."

யார் வருவார்கள்? சோலை வாசலில் நாற்காலி போட்டதும் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. கடைசியில் பக்கத்து வீட்டுச் சந்தனமேரி சிலுவை போட்டபடி வந்து உட்கார்ந்தாள்.

"சட்டுன்னு எடுய்யா. இல்லாட்டி எந்திரிச்சு ஓடிருவேன்."

அவளுக்குப் பின்னால் மற்ற வீடுகளிலிருந்து பெரியமுத்து வந்தான், வேலுத்தாய் வந்தாள். மொத்தம் பதினொரு பேர். வெளிச்சம் அடித்தபோது ஒருவர் விடாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.

கடைசியாகச் சாந்தம்மாள் உட்கார்ந்தாள்.

"நான் மூட மாட்டேன்," என்றாள். "பிள்ளைக்கு என் கண்ணு தெரியணும்ல."

சோலை பொத்தானை அழுத்தினான். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டது அவன்தான்.