ஏரல் போய்வர ஒரு கேலன்

பெண் தருவதற்கு வன்னியபெருமாள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். அதையும் பையனுக்குப் போடவில்லை, பையனின் காருக்குப் போட்டார்.

பையன் ராஜதுரை, தூத்துக்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம். வயது இருபத்தேழு. கார் அவனிடம் வந்தபோதே பழசு. உலக யுத்தம் தொடங்குவதற்கு முன் சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் விற்றுவிட்டுப் போன சிவப்பு நிற டூ சீட்டர். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவதாக ஒரு குடம் வைக்க இடம் கிடையாது. ராஜதுரையின் பள்ளிக்கூடத் தோழன் எபனேசர், மெக்கானிக், அந்த வண்டியை ஆறு மாதம் நோண்டி, இரண்டு கார்புரேட்டர் பொருத்தி, அவற்றின் துளைகளைப் பெரிதாக்கி, கடற்கரைச் சாலையில் துரைமார் கார்களையெல்லாம் பின்னால் புழுதி தின்ன வைத்தான். ஒரு கேலன் பெட்ரோலுக்குப் பதினாறு மைல்தான் ஓடியது. அன்றைக்கு அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

பிறகு பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. நாற்பத்து மூன்றாம் வருஷம் காருக்குக் கிடைத்த கூப்பனை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு மூடிவைக்க வேண்டியதுதான். மாதத்தின் மீதி நாட்களில் ராஜதுரை ஷெட்டுக்குப் போய், ஓடாத காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பான். வாயால் சத்தம் கொடுப்பான் என்றுகூடச் சொன்னார்கள். நான் அதை நம்புகிறேன்.

வைகாசியில் அவன் ஏரலுக்குப் பெண் பார்க்கப் போனான், ஒரு மாதக் கூப்பனை ஒரே நாளில் எரித்து. வன்னியபெருமாளுக்கு ஏரல் கடைத்தெருவில் பலசரக்குக் கடை. அவர் மகள் செண்பகம் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். எல்லோரையும் மாதிரி அவளும் தரையைப் பார்ப்பாள் என்றுதான் சபை எதிர்பார்த்தது. அவள் ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "முன்கண்ணாடிய மடக்கி வச்சிருக்கே, ஓட்டும்போது கண்ணுல தூசி விழாதா?" என்று கேட்டாள்.

கேட்ட கேள்விக்குப் பதிலாக, "எனக்கு நகையே வேண்டாம்," என்றான் ராஜதுரை. அந்த நிமிஷத்திலிருந்து அவன் ஆள் சரியில்லை.

அடுத்த கேள்வியை வன்னியபெருமாள் கேட்டார். "ஒரு கேலனுக்கு எத்தன மைலு குடுக்கும், தம்பி?"

"பதினாறு," என்றான் ராஜதுரை, மயக்கம் தெளியாமல்.

வன்னியபெருமாள் கடையில் மண்ணெண்ணெய்க்கு விடியற்காலையிலேயே வரிசை நிற்கும். ஆழாக்கு ஆழாக்காக அளந்து ஊற்றி அவருக்குக் கை காய்த்துப் போயிருந்தது. அவர் வெற்றிலையை அப்படியே தட்டில் வைத்தார்.

"சனம் ஆழாக்கு எண்ணெய்க்குக் கால்கடுக்க நிக்குது. நீரு பெட்ரோல ஊத்திப் பவுசு காட்டுதீரு. குடிகாரனுக்குக்கூடப் பொண்ணக் குடுக்கலாம், என்னைக்காவது திருந்துவான். குடிக்கிற காரு திருந்துமா?"

"திருந்தும்," என்றது ராஜதுரையின் வாய். அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"அப்பம் சரி. ஒரே கேலன்ல தூத்துக்குடியிலருந்து இங்கன வந்து, திரும்பிப் போய்ச் சேந்துரும். ஆவணியில முகூர்த்தம் வச்சுருவோம். முடியலேன்னா கயத்தாத்துல ஒரு எடம் கேட்டு வந்திருக்காக. அவுக வீட்டுல மாட்டுவண்டிதான் இருக்கு."

போக இருபது மைல், வர இருபது மைல். நாற்பது. எபனேசர் அதைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டான்.

"ஏலே, இத ஓடுததுக்கு நான் ஊட்டி வளத்தேன். இப்பம் பட்டினி போடச் சொல்லுதியே."

ஆனாலும் போட்டான். இரண்டு கார்புரேட்டரில் ஒன்றைக் கழற்றிவிட்டு வழியை அடைத்தான். மற்றதின் துளையை ஈயத்தால் மூடி, மனைவி பிளாரன்ஸின் தையல் ஊசியால் மறுபடி சின்னதாகத் துளைத்தான். துளை ரொம்பச் சிறுத்தால் இன்ஜின் தும்மியது. கொஞ்சம் அகண்டால் குடித்தது. தும்மலுக்கும் குடிக்கும் நடுவே சரியான துளையைத் தேடி ஏழு ஊசி உடைந்தது, பிளாரன்ஸின் ரவிக்கை பாதியில் நின்றது. பிறகு வண்டியின் கனத்தைக் குறைத்தார்கள். முன்கண்ணாடி போயிற்று. மேல்கூரை, உபரிச் சக்கரம், கதவு இரண்டும், கடைசியில் ஹாரனும் போயிற்று. இத்தனையும் போன பிறகு ராஜதுரை முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இது எத்தன மைலுக்கு?" என்றான் எபனேசர்.

"ஒரு முழமாவது வராதாலே?"

இருபத்திரண்டு மைல் வந்தது. அப்புறம் இருபத்தெட்டு. ஆடி பிறந்தபோது முப்பத்து நாலில் வந்து நின்றுகொண்டு அதற்கு மேல் நகரமாட்டேன் என்றது. செண்பகத்துக்கும் அவனுக்கும் நடுவில் ஆறு மைல். சோறு இறங்கவில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள்தான் டயர் ஞாபகம் வந்தது. காற்றைக் கெட்டியாக அடைத்தால் டயர் தரையில் அமுங்காது, இழுவை குறையும். டயர் காற்றை வெள்ளைக்காரன் பவுண்டு கணக்கில் சொல்வான். எபனேசரின் பட்டறையில் அது பவுனாகிவிட்டிருந்தது. இருவரும் பின்சக்கரத்தருகே குந்தியிருந்தார்கள்.

"இருபத்தஞ்சு பவுனெல்லாம் பத்தாதுலே. முப்பத்தஞ்சு வேணும்," என்றான் ராஜதுரை.

"முப்பத்தஞ்சா? அது பழசுலே. தாங்காது, வெடிச்சிரும்."

"வெடிச்சா வெடிக்கட்டும். முப்பத்தஞ்சு பவுன் இல்லாம ஏரல் பக்கம் நான் தலைவச்சுப் படுக்கமாட்டேன்."

திரும்பினால் வாசலில் வன்னியபெருமாள். பந்தயப் பெட்ரோலுக்கு முத்திரை வைக்க வந்திருந்தார். பழைய டாங்கிக்குப் பதில் ஒரு கேலன் தகரடின்னை எபனேசர் வண்டியில் கட்டி, அளவு தெரியப் பக்கத்தில் கண்ணாடிக் குழாய் ஒன்றும் வைத்திருந்தான். வன்னியபெருமாள் மூடியின்மேல் அரக்கு உருக்கி ஊற்றி, கடை முத்திரையை அழுத்தினார். அழுத்திய அழுத்தில் டின்னே நெளிந்தது. ராஜதுரை கலர் சோடா வாங்கி நீட்டினான். அவர் தொடவில்லை.

"நாளைக்கு வாரும். பேசிக்கிடுவோம்," என்றுவிட்டுப் போய்விட்டார்.

"மூஞ்சி ஏம்லே அப்பிடி இருக்கு?" என்றான் ராஜதுரை.

"கரி போட்டு ஓட்டுத பஸ்ல வந்திருப்பாரு. புகை," என்றான் எபனேசர்.

மறுநாள் ஆடிக்காற்று கிளம்புவதற்கு முன்பே ராஜதுரை புறப்பட்டுவிட்டான். செருப்பைக்கூட எபனேசரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டான். இருபத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் மிதிக்கக் கூடாது என்பது உத்தரவு. இந்த ரோட்டில் இத்தனை மரங்கள் இருப்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. ஒரு சைக்கிள்காரர் அவனை முந்திக்கொண்டு போனார். போகிறபோது பாவம் என்று ஒரு பார்வையும் பார்த்தார். சாயர்புரத்து மேட்டில் ஏறி, இறக்கம் வந்ததும் நியூட்ரலில் போட்டு இன்ஜினை அணைத்தான். சத்தமே இல்லை. பனைகள் இருபுறமும் நழுவின. காற்று வெட்டின தலையைத் தடவியது. எத்தனையோ முறை அறுபது மைல் வேகத்தில் பறந்தவன், சும்மா உருளும் வண்டியில் தனியாக உட்கார்ந்து சத்தம்போட்டுச் சிரித்தான். சந்தோஷத்துக்குக் காரணம் வேண்டுமா என்ன?

ஏரல் கடைத்தெருவில் வந்து நின்றபோது கண்ணாடிக் குழாயில் பாதிக்கு மேல் ஒரு விரல்கடை பெட்ரோல் மிச்சம். அவன் குதித்து இறங்கினான். கடைக்கு முன்னால் வன்னியபெருமாள் கையில் ஒரு கடுதாசியோடு நின்றார். அதே மூஞ்சி.

"வாரும். நகையே வேண்டாம்னு சொன்ன வாயிதான இது? இப்பம் முப்பத்தஞ்சு பவுன் இல்லாம தலைவச்சுப் படுக்கமாட்டீரோ? பழசு தாங்காது, வெடிச்சிரும்னு அந்த மெக்கானிக்குக்குத் தெரிஞ்ச எரக்கம் உமக்கு இல்லியே. என்னை வெடிச்சா வெடிக்கட்டும்னு சொல்லுதீரு."

ராஜதுரைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தான். சிரித்துவிட்டான். வன்னியபெருமாள் கடுதாசியை உயர்த்திக் காட்டினார். "சிரியும். கயத்தாத்துக்கு எழுதியாச்சு. தபால்ல போடுததுதான் பாக்கி."

"அண்ணாச்சி, நான் கேட்டது காத்து. டயருக்குக் காத்து," என்று அவன் சட்டைப்பையிலிருந்து காற்றளக்கும் கேஜை எடுத்து நீட்டினான். அவர் அதை ஏதோ திருட்டுச் சாமானைப்போலப் பார்த்தார். அதற்குள் செண்பகம் படியிறங்கி வந்து அதை வாங்கினாள். எட்டாவது வரை படித்தவள். டயரில் வைத்து அழுத்தி, எழுத்தைக் கூட்டிப் படித்தாள்.

"முப்பத்தஞ்சுதான் காட்டுது. இது நகைப் பவுன் இல்லப்பா. நம்ம ராத்தலைத்தான் இங்கிலீஷ்ல பவுண்டுங்காங்க."

"ராத்தலா? தேயிலை நிறுக்கோமே, அந்த ராத்தலா?"

"அதே ராத்தல்தான்."

ராத்தல் என்றால் அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குந்தி உட்கார்ந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கவில்லை. "முப்பத்தஞ்சு ராத்தல் காத்தா," என்றார். பிறகு வயிறு குலுங்க ஆரம்பித்தது. தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார், மறுபடி டயரைப் பார்த்தார், மறுபடி குலுங்கினார். எதிர்க்கடைக்காரர்கள் எழுந்து வந்து, என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் வியாபாரி திரும்பி வந்துவிட்டார். "ஆனா பேச்சு பேச்சுதான். திரும்பிப் போய்ச் சேரணும். நானும் வாரேன். முத்திரைக்குக் காவல் வேணும்லா?"

செண்பகம் கையை நீட்டிக் கடுதாசியை வாங்கிக்கொண்டாள். "சாயந்தரம் வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும்," என்றாள். அப்பாவிடம் சொன்னாளா, காருக்குச் சொன்னாளா தெரியாது. பார்வை ராஜதுரை மேல் இருந்தது.

வன்னியபெருமாள் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒருபக்கம் இறங்கியது. கழற்றிப் போட்ட கண்ணாடி, கூரை, கதவு, ஹாரன் எல்லாம் ஒன்றுசேர்ந்து திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டதை ராஜதுரை உணர்ந்தான்.

"அப்பா, செருப்பையாவது கழட்டி வச்சிட்டுப் போங்க," என்றாள் செண்பகம். வெற்றிலைப் பெட்டியையும் பிடுங்கிக்கொண்டாள். குடையை மட்டும் அவர் விடவில்லை.

முதல் ஐந்து மைல் அவர் கண்ணை மூடிக்கொண்டு அருணாசல சுவாமியைக் கூப்பிட்டார். சாயர்புரத்து மேடு ஏறி மறுபுறம் இறக்கம் வந்ததும் ராஜதுரை இன்ஜினை அணைத்தான்.

"நின்னுட்டா?" என்றார் கண்ணைத் திறந்து.

"இல்ல அண்ணாச்சி. சும்மா ஓடுது."

"சும்மான்னா? பெட்ரோல் இல்லாமயா?"

"ஒரு சொட்டு இல்லாம."

வன்னியபெருமாள் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். அளவு அசையவில்லை. ரோட்டைப் பார்த்தார். ரோடு ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷக் கடைவாழ்வில் அவருக்குச் சும்மா கிடைத்த முதல் பொருள் அதுதான். முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஓட்டியது அவர்தான், ஸ்டியரிங் மட்டும் ராஜதுரை கையில். "அந்தா எறக்கம், அணையும் அணையும்... இப்பம் போடாதயும், இன்னும் உருளும்... அந்த மாட்டுவண்டிக்காரன வெலகச் சொல்லும், உருளுதது கெட்டுப்போவும்." ஹாரன் இல்லாததால் அவரே கூவினார்.

புதுக்கோட்டை தாண்டும்போது ஆடிக்காற்று முதுகில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. "தோணிக்காரன் எப்பிடிப் போறான்? பாயக் கட்டித்தான போறான்," என்று சொல்லி அவர் குடையை விரித்துப் பின்பக்கமாகப் பிடித்தார். வண்டி உண்மையிலேயே ஒரு குதி குதித்தது. இருவரும் ஹோவென்று கத்தினார்கள். அடுத்த வீச்சில் குடை மேல்பக்கமாக மடங்கி, கையை விட்டுக் கிளம்பி, உடைமரக் காட்டுக்குள் போயே போய்விட்டது.

"போவட்டும். கனம் கொறஞ்சுது," என்றார் வன்னியபெருமாள்.

உப்புக் காற்று மூக்கில் ஏறியது. தூரத்தில் எபனேசரின் பட்டறைக் கூரையும், அதன்மேல் ஏறி நின்று துணியை வீசும் எபனேசரும் தெரிந்தார்கள். அப்போதுதான் இன்ஜின் தும்மியது. கண்ணாடிக் குழாயில் ஒன்றுமில்லை. இன்னொரு தும்மல். வண்டி உருண்டு, தயங்கி, நின்றது.

பட்டறைக்கு இன்னும் கால் மைல், இரண்டே பர்லாங் இருந்தது. கூரையில் எபனேசரின் கை அப்படியே நின்றுவிட்டது.

ராஜதுரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். ஏழு ஊசியும், தலைமயிரும், இத்தனை நாள் பட்ட பாடும் இரண்டு பர்லாங்கில் வந்து முடிந்துவிட்டது. சாயங்காலமானால் செண்பகம் அந்தக் கடுதாசியை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி," என்றான். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வன்னியபெருமாள் குழாயைத் தட்டிப் பார்த்தார். அரக்கு முத்திரையைத் தடவிப் பார்த்தார். உடையவில்லை. இறங்கினார். வெயிலில் காய்ந்த ரோட்டில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்து, வேட்டியை மடித்துக் கட்டினார். பஸ்ஸுக்கு நடக்கப்போகிறார் என்று நினைத்து ராஜதுரை தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

வண்டி அசைந்தது.

திரும்பிப் பார்த்தான். வன்னியபெருமாள் இரண்டு கையையும் காரின் பின்னால் ஊன்றி, தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தார். முன்சக்கரம் மெதுவாக உருள ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, இது சேத்தியாவுமா?"

"ஏன் ஆவாது? ஒரே கேலன்ல போய்ச் சேரணும்னு சொன்னேன். ரெண்டாவது கேலன் ஊத்துனமா?" அவருக்கு மூச்சு வாங்கியது. "என்னப் பாக்காதயும். ரோட்டப் பாத்துப் புடியும், மாப்ளே."