வந்தது அம்மா இல்லை

ஆடி வெள்ளியன்று தறியில் உட்கார்ந்திருந்தபோது வலது கண்ணோரத்தில் அந்த வெளிச்சம் வந்தது. சேலையின் கோபுரக் கரை மாதிரி பல் பல்லாக, மினுங்கிக்கொண்டு. அது வந்தால் கொஞ்ச நேரத்தில் வலி வரும், வலது கை மரத்துப்போகும், வாயில் வார்த்தை குழறும். தறிக்குழியிலிருந்து காலை எடுத்து எழுந்தேன். வாசலில் பம்பை மேளச் சத்தம் கேட்டது.

எனக்குப் பிறவியிலேயே இடது நெற்றியிலிருந்து கண் இமை வரை செக்கச் சிவந்த மச்சம். கெங்கையம்மன் கை வைத்த இடம் என்று எங்கள் ஊர் அம்மையார்குப்பம் முழுக்கச் சொல்லும். கல்யாணமான புதிதில் ஒருநாள் வலியில் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன், "கெழக்க, கெழக்க" என்று வந்தது. மறுநாள் பக்கத்து வீட்டு எல்லம்மாளின் தொலைந்த எருமை கிழக்கே ஏரியில் கிடைத்தது. அத்தோடு என் தலைவலி சாமியாகிவிட்டது. தண்ணீர் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு ஆடி வெள்ளிக்கும் குறி கேட்க ஊரார் தட்டில் எலுமிச்சம்பழத்தோடு வருவார்கள், காதருகே பம்பை அடிப்பார்கள். பாதி நேரம் அந்தச் சத்தமே வலியை இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதைத்தான் அம்மா வந்துட்டா என்பார்கள்.

திருத்தணி மலையில் இரண்டு தரம் மொட்டை போட்டாயிற்று. முடி வளர்ந்தது, வலியும் கூடவே வளர்ந்தது. போன மாதம் ரயிலேறிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா மண்டையை எக்ஸ்ரே எடுத்து, தண்டவாளம் மாதிரி ஓடிய இரட்டைக் கோட்டைக் காட்டினாள். முகத்தில் இருக்கும் சிவப்பு உள்ளே மூளைமேலும் ரத்தக்குழாய்களாகப் பின்னிக் கிடக்கிறதாம். ஆயிரத்தில் ஒருத்திக்குக்கூட வராதாம். அதை அடியோடு போக்க மருந்தில்லை, வலி வந்தால் இருட்டில் சத்தமில்லாமல் படு என்றாள். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். எனக்கு வேண்டும் என்று கேட்க ஒன்று கிடைத்துவிட்டதே: இருட்டும் அமைதியும்.

என் வீட்டுக்காரர் ஜம்புலிங்கம் தறியறைக்குள் வந்து குசுகுசுத்தார். "டாக்டரு சொன்னாங்கன்னா இவங்க கேக்க மாட்டாங்க. நீ அம்மா மாதிரியே பேசிடு. 'பம்பைய நிறுத்துங்கடா'ன்னு ஒரு வார்த்த. நடுங்கிப் போய்டுவாங்க."

வேலை செய்யும் யோசனைதான். ஆனால் எனக்கு ஆத்திரமாக வந்தது. மண்டை என்னுடையது, வலி என்னுடையது, வாயையும் அந்த அம்மனுக்கே கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன மிச்சம்?

வெளியே போனேன், அவரும் பின்னாலேயே வந்தார். "பம்பைய நிறுத்துண்ணா."

பம்பைக்கார சிங்காரம் நிறுத்தினார். பொதட்டூர்பேட்டை நூல் வியாபாரி கஜபதி கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "அம்மா இன்னா சொல்றா தாயே?"

"அம்மா ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன், ஜம்புலிங்கம் பொண்டாட்டி வள்ளிநாயகி. எனக்கு மண்டவலி வந்துகினு இருக்குது. சத்தம் ஆவாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

எல்லம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மா கோச்சிக்கினு இருக்கா."

"கோச்சிக்கினு இருக்கறதும் நாந்தான்க்கா."

"பவர்லூம் போடலாமா வேணாமான்னு மட்டும்..." என்று இழுத்தார் கஜபதி.

"போட்டுக்கோங்க. எங்க தெருவுல போடாதீங்க."

"ஆங். இது அம்மா வாக்குத்தானே?"

"என் வாக்கு."

தட்டிலிருந்த எலுமிச்சம்பழங்களை அள்ளிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். ஜம்புலிங்கம் வெளியிலேயே நின்றுவிட்டார். வலது கை மரத்திருந்ததால் இடது கையால் ஒரு பழத்தை அரிந்து, குமட்டலுக்கு உப்பு தொட்டுச் சப்பினேன். அம்மனுக்கு வந்த பழம்தான். அவளுக்கா குமட்டுகிறது?

வாசலில் நின்றவர்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது. வலி கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. இனி வார்த்தை போய்விடும், என்ன உளறுவேனோ, அதை வைத்து எந்த எருமையைத் தேடுவார்களோ. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன்.

குச்சி ஒருமுறை பம்பைத் தோலைத் தொட்டது. என் தலை முழுக்க அதிர்ந்தது.

பிறகு ஜம்புலிங்கத்தின் குரல், கதவுக்கு மிக அருகில்.

"குச்சிய இங்க குடுண்ணா. அவளுக்கு மண்டவலி."

முந்தானையை எடுத்துவிட்டு, இருட்டில் தடவி, அடுத்த எலுமிச்சம்பழத்தைத் தோலோடு கடித்தேன்.